படிக்கணக்கு

ப. ஆண்டி, எம்.எஸ்சி., பி.எட். சாக்பீஸ் வாங்கிய சீட்டில்கூட அவன் இப்படித்தான் கையெழுத்துப் போடுவான். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கடலை பிடுங்கி வளர்ந்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஸ்ரீரங்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தற்காலிக அறிவியல் ஆசிரியராக வந்த முதல் நாள், ஒன்பதாம் வகுப்பு ரெஜிஸ் எழுந்து, "சார், ஆண்டின்னா பழனி ஆண்டியா?" என்று கேட்டான்.

"மருங்காபுரி ஆண்டி. டிகிரி வாங்குன ஆண்டி. உக்காரு."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டான்: இந்த ஊரில் யாரிடமும் எதையும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

அந்தப் பள்ளியில் மன்றங்களுக்குக் குறைவில்லை. தமிழ் இலக்கிய மன்றம், கணித மன்றம், வினாடி வினா மன்றம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்ட குறிப்பேடு உண்டு. அதிகாரி ஆய்வுக்கு வருகிற வாரத்தில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில், ஒரு வருடத்து நடவடிக்கையும் எழுதப்பட்டுவிடும். அறிவியல் மன்றத்தை ஆண்டியிடம் கொடுத்தபோது தலைமையாசிரியை லூர்துராணி எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். அவனோ வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளை நிஜமாகவே கூட்டினான். ஆற்று மணலில் காந்தத்தை உருட்டினால் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த மீசையை உதட்டுக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டவன் ரெஜிஸ்.

மாவட்டக் கண்காட்சிக்குக் கொள்ளிடத்து மணலையும் தண்ணீரையும் ஆராய்வது என்று ஆண்டி திட்டம் போட்டான். முதல் வேலை, தினமும் நீர்மட்டம் குறிப்பது. மன்றச் செயலாளர் ஜாஹ்னவியின் வீடு கொள்ளிடக் கரைக்குக் கிட்டே இருந்தது. அவள் அப்பா தேசிகன் கொள்ளிடம் என்று சொல்ல மாட்டார், வடதிருக்காவேரி என்பார். விடிந்ததும் படித்துறைக்கு நீராடப் போவார். கூடப் போய்ப் படியை எண்ணிக்கொண்டு வருவது அவளுக்குச் சிரமமில்லை. ஆண்டி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தான்: தேதி, நேரம், நீர்மட்டம் (படி), ஆசிரியர் கையொப்பம்.

வினை அந்த மூன்றாவது கட்டத்தில் இருந்தது.

ஆண்டியின் ஊரில், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்றுதான் கேட்பார்கள். எண் பெருத்தால் தண்ணீர் பெருத்தது. ஆகவே எத்தனை படி முங்கியிருக்கிறதோ அதுதான் நீர்மட்டம் என்பது அவன் கணக்கு. ஜாஹ்னவிக்கோ, தண்ணீரைத் தொட எத்தனை படி இறங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அவரவர் கணக்கு அவரவருக்கு அவ்வளவு இயல்பு. அதனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஆண்டி குடியிருந்தது துவாக்குடியில், சிநேகிதர்களோடு ஓர் அறையில். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து அப்படியே திரும்பிவிடுவான். கொள்ளிடத்துப் படித்துறையை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதல் வாரம் முழுக்கப் பத்தொன்பது. பிறகு பதினெட்டு. பதினேழு. பதினைந்து. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி, பட்டங்களோடு கையெழுத்துப் போட்டான்.

ஆடி பிறந்தது. மேட்டூர் நிரம்பி வழிவதாகச் செய்தி வந்த அன்று அவனுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினான். எண் இறங்கிக்கொண்டே வந்தது. சந்தேகம் தீர்ந்தது. மறுநாள் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய் மணல் எடுக்க, வெள்ளிக்கிழமை லூர்துராணியிடம் அனுமதி கேட்டபோது அவரும் அதே கட்டத்தில்தான் விரலை ஓட்டினார். "குறைஞ்சுக்கிட்டுதான வருது, போயிட்டு வாங்க சார்," என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆனாலும் நீங்கதான் பதில் சொல்லணும். அப்புறம் உங்க வேலையும் இருக்காது, என் வேலையும் இருக்காது," என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கரையில் இருபத்திரண்டு பிள்ளைகள். படி எண்ணிவிட்டு வருவதாக ஜாஹ்னவி சொல்லியிருந்தாள். அவளோடு இருபத்து மூன்று. கரையில் மீன் பிடிக்கிற கலீம் தன் பரிசலை மேலே, ரொம்ப மேலே, அரசமரத்தடி வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு மேலே என்று கேட்க ஆண்டிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கலீம்தான் கேட்டார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே என்று. எதிரே தெரிந்த மணல் திட்டைக் காட்டி, தண்ணீர் வடிகிறது, மன்றத்தில் தினமும் பதிவு செய்கிறோம் என்றான் ஆண்டி.

"பதிவா? அத ஆத்துக்கும் ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்க சார்."

பிள்ளைகள் கெக்கலித்தார்கள். ஆண்டிக்குச் சுருக்கென்றது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே முதலில் இறங்கினான். கணுக்கால் அளவுதான். இருபத்திரண்டு பேரும் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பாட்டில்களில் தண்ணீர் நிறைந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு ரெஜிஸ் திட்டின் கடைக்கோடிக்குப் போய்விட்டான். தண்ணீரில் நுரை மிதந்து வந்ததை ஆண்டி பார்த்தான். பின்னாலேயே ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டு வந்தது. காலையில் வெளிறிக் கிடந்த தண்ணீர் இப்போது டீ நிறத்தில் இருந்தது. திட்டின் ஓரத்தில் நின்ற கொக்குகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. மணல் உலர்ந்திருந்த இடத்தில் அவன் கழற்றி வைத்த செருப்பு, ஈரத்தில் நின்றது.

குறிப்பேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜாஹ்னவி வந்து சேர்ந்தாள். அவள் சுடிதார் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"பதினொண்ணு சார்."

"நேத்து பதிமூணு, இன்னிக்குப் பதினொண்ணா? வேகமாத்தான் வடியுது."

அவள் அவனையே பார்த்தாள். ஏதோ கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"வடியல சார். பதினொரு படிதான் எறங்க முடிஞ்சுது. பன்னெண்டாவது படி தண்ணிக்குள்ள இருக்கு."

ஆண்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தான். பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு, பதினைந்து, பதின்மூன்று. இருபது நாளாக ஆறு படியேறி வந்துகொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அவன் நன்று போட்டிருக்கிறான்.

கத்தினால் பிள்ளைகள் சிதறி ஓடும் என்று தெரிந்தது. பாட்டில் பை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வரிசையாகக் கை கோத்துக்கொள்ளச் சொன்னான், வகுப்பில் பேசுகிற அதே குரலில். குட்டையானவர்களை நடுவில் விட்டான். கரையிலிருந்து கலீம் பரிசலை அவிழ்த்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. வந்தபோது கணுக்கால் அளவிருந்த தண்ணீர் இப்போது சிலருக்குத் தொடை, சிலருக்கு இடுப்பு. காலடியில் மணல் நழுவியது. நெட்டையான பையன் ஒருவன் முன்னால் நடந்தான். அவன் எட்டிப் பிடித்த பரிசல் விளிம்பில் வரிசை நின்றது. ஒவ்வொருவராகக் கலீம் கரைப்பக்கம் தள்ளிவிட்டார்.

கரையில் எண்ணினார்கள். இருபத்திரண்டு. ஒரு தலை குறைந்தது.

ரெஜிஸ் திட்டின் கோடியில் குனிந்தபடி இருந்தான். அவனைச் சுற்றி இருந்த மணல் ஒரு கூடாரத்து அகலம்தான் மிச்சம். ஆண்டிக்கு நீச்சல் தெரியாது; அவன் ஊரில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் கிடந்த வருடங்கள் குறைவு. ஆனாலும் இறங்கினான். கலீம் பரிசலை அவன் பின்னாலேயே விட்டார். இருவரும் ரெஜிஸைச் சட்டையைப் பிடித்துப் பரிசலுக்குள் இழுத்தபோது அவன் கையில் காந்தம் இருந்தது, அதில் மீசையும் இருந்தது.

அரை மணி நேரத்தில் திட்டைக் காணோம்.

"முக்கொம்புல ராத்திரியே மதகத் தொறந்துட்டாங்க சார்," என்றார் கலீம். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே முடிந்தது. ஈரத்தைப் பிழிந்துகொண்டு, ரெஜிஸை ஓட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போனார்கள். நடந்தது இன்னதென்று தெரிந்தது ஆண்டி, கலீம், ஜாஹ்னவி மூன்று பேருக்குத்தான். ஜாஹ்னவி மட்டும் போகாமல் நின்று, தன் மேல் தப்பா என்று கேட்டாள். இல்லை, நான் கேட்டிருக்க வேண்டும் என்றான் ஆண்டி. அந்த ஊருக்கு வந்து அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே அவளிடம் குறிப்பேட்டையும் பேனாவையும் வாங்கி, அந்தக் கட்டத்தின் தலைப்பை அடித்து, 'இறங்க மிச்சமுள்ள படிகள்' என்று எழுதினான். நடந்ததையும் கீழே எழுதி, வெறுமனே ஆண்டி என்று கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை லூர்துராணி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். குறிப்பேட்டை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா, பிறகு எதற்கு இது என்றார்.

"புதுசா ஒரு நோட்டு வாங்கிக்குங்க சார். ஜூன்லேருந்து எழுதிடுங்க. மண் எடுத்தாச்சுன்னு போட்டா போதும்."

வெளியே வராந்தாவில் ஜாஹ்னவி நின்றிருந்தாள். எண்ணிவிட்டு வந்திருக்கிறாள். எழுத நோட்டைக் காணோமே என்று தேடுகிறாள்.

"எத்தனம்மா?"

"நாலு சார்."

தினம் ஒரு திருக்குறள் எழுதுகிற கரும்பலகை பக்கத்திலேயே இருந்தது. ஆண்டி சாக்பீஸை எடுத்தான். முதுகுக்குப் பின்னால் தலைமையாசிரியை அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பள்ளி முழுக்கப் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுதினான்:

கொள்ளிடம். இறங்க இன்னும் நாலே படி.