இடது பக்கத்துக் கை

தையல்கடை மாடியிலிருக்கும் மசாஜ் அக்காவிடம் போய்ப் படுத்தால் முதுகில் நாலு கை ஊருமாம், அதில் இரண்டு பேயின் கையாம். மெக்கானிக்கின் கொழுந்தியா சொல்லி, மெக்கானிக் பஸ் டிரைவரின் காதில் போட்டது. பேயைவிடக் கழுத்துவலி பெரிதாகத் தெரிந்ததால் டிரைவர் வந்து படுத்துவிட்டார். பிறகு வாடிக்கையாளராகவும் ஆகிவிட்டார்.

"இப்பல்லாம் கண்ணாடியப் பாக்க இடுப்போட திரும்ப வேண்டியதில்லக்கா. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். மூச்சு இருக்கான்னு வீட்டுக்காரி தொட்டுப் பாக்குறா."

"பேசாம படுங்க தம்பி. பேசினா கழுத்து இறுகும்."

அக்கா எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். நாலு கை ஒரு காலத்தில் உண்மைதான். வலது பக்கம் அவள், இடது பக்கம் தங்கை. கண்மூடிக் கிடப்பவரிடமிருந்து இரண்டு கையையும் சட்டென்று எடுத்தால் உடம்பு திடுக்கிடும். எண்ணெய் எடுக்கத் திரும்பினாலும் ஒரு கை முதுகிலேயே இருக்க வேண்டும். 'கை விடாதே' என்பது அவர்களுக்குள் ஒரே சட்டம்.

ஒருநாள் போன் அடித்ததும் தங்கை இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். "இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாத கை" என்று வந்தவர் முன்னாலேயே அக்கா சீறினாள். தங்கை துண்டை மடித்து வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். யார் முதலில் கூப்பிடுவது என்ற வீம்பிலேயே பேச்சு அற்றுப்போனது. வாய்ப்பழக்கம் மட்டும் போகவில்லை. ஆளில்லாத இடது பக்கத்தைப் பார்த்து அக்கா இன்னும் "கை விடாதே" என்று முணுமுணுப்பாள். வதந்தி அதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

டிரைவரின் வலது தோளில் கல்போல ஒரு முடிச்சு. இரண்டு கட்டைவிரலையும் அதில் இறக்கினாள்.

"அக்கா, இன்னைக்கு உங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"ஏன் தம்பி?"

"இடது பக்கம் பிடிக்கிறவங்க கை சில்லுன்னு இருக்கு. எண்ணெயச் சூடு பண்ணச் சொல்லுங்க."

தங்கைக்கு எண்ணெயைச் சூடாக்கப் பொறுமையே கிடையாது.

ஒரு கையை அவர் முதுகில் வைத்தபடியே மறு கையால் அக்கா போனை எடுத்தாள். தங்கையின் நம்பரைத் தேடும்போது எண்ணெய் விரல் திரையில் வழுக்கியது.

"என்னக்கா, நடுவுல போனா?"

"படுங்க. நான் கை விடல."

மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது.

"எடுடி" என்றாள் அக்கா, இடது பக்கத்தைப் பார்த்து.