விளக்கு ஊரும் இருட்டு ஊரும்

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு கிதியோன் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஒரே மாதிரி பேனலு, ஒரே மாதிரி பேட்டரி, ரெண்டையும் மாட்டுனது நாந்தான். ஒரு ஊர்ல எரியுது, ஒரு ஊர்ல எரியல. கைக்கு, ஏன்?" அல்வால் பகுதிச் சலூன்காரர் கத்தியைத் தீட்டியபடி, காற்றோட்டம் சரியில்லாமல் இருக்கும் என்கிறார். கிதியோன் அதையும் ஏற்றுக்கொண்டு தலையாட்டப் போக, கத்தி அவசரமாக விலகுகிறது.

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. பாஸ்டர் ஜெபம் குறைவு என்றார். கேண்டீனில் நடேசன் மண்வாகு என்றார். எல்லாப் பதிலும் அவருக்குச் சரியாகத்தான் படுகிறது. அதனால் குழப்பம் குறைந்த பாடில்லை.

கிதியோனின் தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து பட்டாளத்தோடு வந்து செகந்தராபாத்தில் தங்கிவிட்டவர். பேரன் காஞ்சன்பாக் பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்கும் முன் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருவார். வெயிலை மின்சாரமாக்கும் பலகைகளை அவருடைய பிரிவு செய்ய ஆரம்பித்ததும், சோதனைக்காக மெதக் பக்கம் இரண்டு ஊர்களில் தெருவிளக்குப் போட்டார்கள். இவை நல்லபடியாக எரிந்தால்தான் சுற்றுப்பட்ட மற்ற ஊர்களுக்கும் கிடைக்கும். பொறுப்பு முழுவதும் கிதியோன் தலையில்.

இருட்டு ஊரின் சர்பஞ்ச், அதாவது ஊர்த் தலைவர், தங்கமான மனிதர். கம்பம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு, சாவி பீரோவில், யாரும் தொடக் கூடாது என்று கிதியோன் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். கம்பத்துக்கு வெள்ளையடித்து வேலியும் போட்டார். யாரும் தொடவில்லை. பேட்டரியில் தண்ணீர் வற்றி விளக்கு அணைந்தது. எப்போது அணைந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தால் அந்த வாசலில் யாருக்கு என்ன வேலை? போன தடவை போனபோதும் சர்பஞ்ச், ஒரு காக்காயைக்கூட உட்கார விடவில்லை என்று பெருமையாகக் காட்டினார்.

விளக்கு ஊருக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆபீஸ் வாசலில் கம்பத்தைக் காணோம். பீடி சுற்றும் பெண்கள் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தங்கள் தெரு நடுவில் நட்டிருந்தார்கள். பூட்டு உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று அதட்டினார். "நேனே", நான்தான் என்றாள் சாயம்மா, சுற்றிய பீடியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆளுக்கொரு கட்டுப் பீடி ஒதுக்கி பஸ் டிரைவரிடம் கொடுக்கிறார்கள், அவர் செகந்தராபாத்திலிருந்து பேட்டரித் தண்ணீர் வாங்கி வருகிறார். பலகையைத் துடைப்பது சாயம்மாவின் பழைய புடவை. வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் தெருவே அவளைப் பிடித்துக்கொள்ளும். கிதியோன் திட்டித் தீர்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ததும்ப நின்றது.

"சொன்ன பேச்சக் கேட்ட ஊரு இருட்டு, கேக்காத ஊரு வெளிச்சம்" என்றார் அன்று வீட்டில், பிசைந்த சோற்றைப் பார்த்தபடி. "அப்ப அடுத்த ஊருக்குப் போயி என்னன்னு சொல்ல? பூட்டுங்க, பொறவு ஒடைங்கன்னா?"

"நக்கோங்க, வேணாம்" என்றாள் மனைவி பியூலா. "மொதல்ல சாப்பிடுங்க. பொறவு இருந்து கொழம்புங்க."

டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மேலாளர் சுந்தரேசன் கூப்பிட்டு அனுப்பினார். கிதியோன் எல்லாவற்றையும் சொன்னார். சுந்தரேசன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கம்பம் சாங்ஷன் ஆன எடத்துல இல்லேன்னா மத்த ஊர் எதுக்கும் விளக்குக் கெடைக்காது. அவா வரதுக்குள்ள திரும்ப நட்டுடுங்கோ."

"அங்க நட்டா அணைஞ்சிரும் சார்."

"ஏன் அணையும்?"

கிதியோன் வாயைத் திறந்தார். காற்றோட்டம், ஜெபம், மண்வாகு எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றன.

"ஆபீஸ் வாசல்தான் சரியான எடம்னு சொன்னதே நீங்கதானே, கிதியோன்?" என்றார் சுந்தரேசன்.

உண்மைதான். கடப்பாரையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழி நெடுக டிரைவரிடம்கூட எதுவும் கேட்கவில்லை. நட்டால் சாயம்மா தெரு இருட்டாகும், நடாவிட்டால் மற்ற ஊர்களெல்லாம் இருட்டாகவே இருக்கும்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாரையோடு வந்து நின்றவரைப் பார்த்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தின் அடியைக் கடப்பாரையால் தொட்டுப் பார்த்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஜர ஜருகுண்ட்ரி சாரு" என்றாள் சாயம்மா. சற்றுத் தள்ளி நிற்கச் சொல்கிறாள். அவர் நிழல் அவள் முறத்தில் விழுந்து இலை தெரியவில்லை.

தள்ளி நின்றார். நிழல் அடுத்தவள் மடியில் விழுந்தது. அவளும் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஓர் அடி நகர்ந்தார். அங்கே ஒரு கிழவி கையை ஆட்டினாள். எங்கே நின்றாலும் யாராவது ஒருத்தியின் வேலை நின்றது. கிதியோன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கடப்பாரையைச் சத்தம் வராமல் தரையில் படுக்க வைத்துவிட்டு, பேண்ட்டைச் சற்று இழுத்துவிட்டுக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.