ஒன்பது மணிக்குள் தூங்க வேண்டும்

கால் நின்றதும் தொட்டிலிலிருந்து அழுகை கிளம்பியது. அவன் மறுபடி தையல் மெஷினை மிதித்தான். அழுகை அடங்கியது.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு உங்களை வேலை வாங்குது," என்றாள் மனைவியின் அக்கா. பின்னறையில் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவளைப் போல.

"தூங்குற நேரம்தான்க்கா."

"மணி எட்டே கால். ஒன்பதுக்குள்ள தூங்கணும். பேச்சு அதான்."

பேச்சு அதுதான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பு முடிந்து இன்று முதல் இரவு ஷிஃப்ட். ஒன்பது மாதக் குழந்தையை ஒரு தையல்காரன் தனியாகத் தூங்க வைப்பான் என்று அக்கா நம்பவில்லை. தன் ஊருக்குக் கொண்டுபோய் இரண்டு வயது வரை வளர்த்துத் தருகிறேன் என்றாள். மூன்று பெற்றவள், அவள் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. அவன் ஒரே ஒரு ராத்திரி கேட்டு வாங்கினான். ஒன்பதுக்குள் தூங்கினால் குழந்தை இங்கே. இல்லையென்றால் காலை பஸ்ஸில் பெரியம்மாவோடு. அக்கா கை வைக்க மாட்டாள். ஆனால் குழந்தையின் சட்டைகளை இப்போதே தன் துணிப்பையில் அடுக்கி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தெருவில் அவனுக்கு முக்காலிஞ்சு என்று பெயர். பேண்ட் மட்டும்தான் தைப்பான். யார் அளவு கொடுத்தாலும் இடுப்பில் முக்கால் இஞ்சு கூட விடுவான். "கல்யாணம் ஆனதும் திரும்ப என்கிட்ட வந்து நிக்கக்கூடாது பாருங்க," என்பான். பதினெட்டு வருஷமாக முன்னறைதான் கடை, பின்னறைதான் வீடு. பிறப்பதற்கு முன்பே குழந்தைக்கு இந்தச் சத்தம் பழகியிருக்க வேண்டும். அவன் பாடிப் பார்த்தும் அது மசியவில்லை. பாட்டுக்கு அடுத்த வீட்டு நாய்தான் பதில் கொடுத்தது. மெஷின் ஓடினால் மட்டும் கண் சொருகும்.

அதிலும் ஒரு வக்கணை. துணியில்லாமல் வெறும் மெஷினை ஓட்டினால் உதடு பிதுங்கிவிடும். சட்டைத் துணி வைத்தால் முனகும். இரண்டு மடிப்புப் பேண்ட் துணியில் ஊசி இறங்குகிற சத்தம்தான் வேண்டும். அவனுடைய வாடிக்கைக்காரர்களிலேயே இவ்வளவு கறார் யாரும் இல்லை.

முன்னறை விளக்கை அணைத்திருந்தான். வெட்டுத் துண்டுகளை விரலால் தடவித் தடவித் தைத்துக்கொண்டிருந்தான். எட்டரைக்குத் துண்டுகள் தீர்ந்தன. தைத்ததன் மேலேயே தைத்தான். கொஞ்ச நேரத்தில் அது பலகை மாதிரி ஆகி, ஊசி இறங்க மறுத்தது. கால் நின்றது. அழுகை.

"என்ன மாப்பிள்ளை, பெட்ரோல் தீர்ந்துருச்சா?"

"துணி தீர்ந்துருச்சு."

"அப்ப பாடுங்களேன்."

"நாய் தூங்கிடும்க்கா. இது தூங்காது."

மற்ற துணியெல்லாம் பின்னறை அலமாரியில், அக்காவைத் தாண்டி இருந்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டினான். கனமான துணி ஒன்று அகப்பட்டது. பதினெட்டு வருஷம் துணி தொட்ட விரல். அது அக்காவின் பை என்று தெரியாமல் போயிருக்காது. பையின் வாயை இரண்டு விளிம்பும் சேர ஊசிக்கடியில் தள்ளி மிதித்தான். அழுகை நின்றது. இருட்டில் தெரியவில்லை என்று பிறகு சொன்னான். ஆனால் தைத்த கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. போதாததற்கு இரட்டைத் தையல், பையைச் சுற்றி நாலு பக்கமும்.

கடிகாரம் ஒன்பது அடித்தது. பின்னறையிலிருந்து வந்த வெளிச்சத்தில் தொட்டிலை எட்டிப் பார்த்தான். குழந்தை கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, கண் இரண்டையும் அகலத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தது.

தோற்றாயிற்று. "போதும் மாப்பிள்ளை, எந்திரிங்க," என்று குரல் வரும். மிதித்தபடியே காத்திருந்தான். வரவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தான். நாற்காலியில் அக்காவின் தலை தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் காலை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் குழந்தை அழும், அக்கா எழுந்துவிடுவாள்.

குழந்தை ஒன்பது இருபத்தைந்துக்குத் தூங்கியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே, "எத்தனை மணிக்குத் தூங்கினா?" என்று கேட்டாள்.

"எட்டு அம்பத்தஞ்சு. வேணும்னா அக்காவைக் கேளு. கண் கொட்டாம பார்த்துக்கிட்டே இருந்தாங்க."

அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அம்பத்தாறு," என்றாள்.

பையின் தையலைப் பிரிக்க அரை மணி ஆனது. எட்டு மணி பஸ் போய்விட்டது. குழந்தையின் பதினொரு சட்டைகளையும் மனைவி எடுத்து அலமாரியில் வைத்தாள். அக்கா ஒன்பதரை பஸ்ஸில் தனியாகப் போனாள். மனைவி மத்தியானம் வரை தூங்கினாள். அவன் இரண்டு பேண்ட் தைத்து முடித்தான், ஒன்றுக்குப் பட்டன் வைத்தான். மாலை ஆறரைக்கு அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள்.