பிரெய்ரியிலிருந்து வந்த பக்தர்

போன வாரம் கிள்ளானிலிருந்து என் தங்கை கோமதி ஒரு வீடியோ அனுப்பினாள். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கொழுத்த பிராணி பின்னங்காலில் நிற்கிறது. மணி அடிக்கிறார்கள். உடனே அது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, 'ய்யீப்' என்று கத்துகிறது. கீழே கோமதியின் வாசகம்: "அக்கா, அணில்கூட அரோகரா சொல்லுது. நீ கோயிலுக்குப் போயி எத்தனை மாசம் ஆச்சு?"

மறுபடி போட்டுப் பார்த்தேன். பக்தியினால் அல்ல... அந்த ஜன்னல் திரை எனக்குத் தெரிந்த திரை. பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அதே பிளாக், எனக்கு மேல் மாடியில் குணாவின் வீடு!

குணா இன்சூரன்ஸ் ஏஜென்ட். நல்ல பையன். மூளையை மட்டும் அதிகம் சிரமப்படுத்த மாட்டான். "செராஸ் பெட் ஷாப்புல வாங்கினேன் டீச்சர். அமெரிக்கா ஜாமான் லா!" என்று லிஃப்டில் பீற்றிக்கொண்டது இதைத்தான். பிரெய்ரி டாக். பெயரில்தான் நாய்; உண்மையில் அணில் இனம். அமெரிக்காவின் பரந்த புல்வெளிகளில், மண்ணுக்கடியில் வளை தோண்டி, ஊர் ஊராகக் கூடி வாழும் காட்டுப் பிராணி. அதை டைல்ஸ் தரையில், தனியாக, ஒரு கூண்டில் போட்டு, 'வேலு' என்று பெயரும் வைத்தாயிற்று. பெரிய சாதனைதான்!

ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். வாசலில் செருப்புக் கடையே வைக்கலாம். ஹாலில் கூண்டைச் சுற்றிக் கூட்டம். கூண்டுக்கு மாலை! ஓர் அங்கிள் கம்பியோடு வாயை ஒட்டிக்கொண்டு, "சாமி, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் குடு சாமி" என்று குழைந்தார். வேலு புழுக்கை போட்டது. அங்கிள் அதையும் எண்ணிப் பார்த்தார்.

புல் தின்கிற பிராணிக்கு முன்னால் தட்டு நிறைய லட்டு. வயிற்றுப் பக்கம் முடி கொட்டித் தோல் தெரிந்தது. இத்தனை கைப்பேசிகள் படம் எடுத்தனவே, ஒருவர் கண்ணிலாவது அது பட்டதா?

மணி அடித்தது. வேலு துள்ளிக் கையைத் தூக்கிக் கத்தியது. "அரோகரா!" என்றது கூட்டம். கத்தி முடித்த வேலு தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பியது. காத்திருந்தது.

எதற்கு? ஓரமாக நின்று கைப்பேசியில் தேடிப் படித்தேன். புல்வெளியில் ஒன்று இப்படிக் கத்தினால் பக்கத்து வளையிலிருந்து இன்னொன்று கத்துமாம். அப்புறம் அடுத்தது. 'நான் இருக்கிறேன், நீங்களெல்லாம் இருக்கிறீர்களா?' என்கிற விசாரிப்பாக இருக்கலாம் என்கிறார்கள். இங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்கு அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"குணா, இது கும்பிடலப்பா. துணையக் கூப்பிடுது. இப்படியே தனியா இருந்தா செத்துப்போயிடும். கூட ஒண்ணு வாங்கி விடு."

"அய்யோ டீச்சர், துணை வந்தா அது துணையத்தான் பார்க்கும். அப்புறம் யாரு கும்பிடுறது?"

"ஆமா டீச்சர், எவ்ளோ தூரத்திலேர்ந்து ஜனங்க வர்றாங்க. பாவம் லா" என்றாள் அவன் மனைவி மாலா.

ஜனங்கள் பாவமாம்!

படித்ததைக் காட்டினேன். "சாமி விஷயத்துல கூகுள் பார்க்கக் கூடாதுமா" என்று ஓர் ஆன்டி எனக்கு வகுப்பெடுத்தார். மறுபடி மணி. மறுபடி அந்தக் கத்தல், அந்தக் காத்திருத்தல். எனக்குப் பொறுக்கவில்லை. "டேய்!" என்று கத்தினேன் பாருங்கள்... கத்தின வேகத்தில் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது.

"சாமி வந்திருச்சு! டீச்சருக்குச் சாமி வந்திருச்சு!" என்றார் அதே ஆன்டி. யாரோ நெற்றி நிறைய விபூதி அப்பினார்கள். மாலா கற்பூரம் தேடி ஓடினாள். "தாயே, என்ன குறை? சொல்லு தாயே!" என்று கைகட்டி நின்றான் குணா. ஒரு நிமிடம் முன்னால் நான் சொன்ன குறையைக் காதில் வாங்காத அதே குணா!

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா? இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

"என் மலை எங்கேடா? என் வள்ளி எங்கேடா? என்னைத் தனியா நிறுத்தி வேடிக்கையா பார்க்கிறே?"

பொத்தென்று காலில் விழுந்தான். "தப்புதான் முருகா! இப்பவே போறேன்!" கார் சாவியை எடுத்துக்கொண்டு செராஸுக்குப் பறந்தான். சாயங்காலம் இரண்டு பெண் பிரெய்ரி டாக்குகள் வந்து சேர்ந்தன. வள்ளியை மட்டும் கொண்டுவந்தால் தெய்வானை கோபிப்பாராம்! கூடவே பால்கனியில் மூட்டை மூட்டையாக மண் கொட்டி ஒரு மலை. முருகன் என்னை மன்னிப்பான். நானும் அவனைக் கும்பிடுகிறவள்தான்.

இப்போது மூன்றும் கூடி மண்ணைக் குடைகின்றன. வேலு கத்தினால் உடனே இரண்டு பதில் வருகிறது. மணிக்கு ஒன்றும் திரும்புவதில்லை. 'சக்தி போயிடுச்சு' என்று கூட்டமும் கலைந்துவிட்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. இத்தனை வருடம் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எவ்வளவு நல்ல புத்தி சொல்லியிருக்கிறேன்! ஒருவராவது கேட்டதுண்டா? தப்பு என்னுடையதுதான்... தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்.