பொட்டு வைத்த மெஷினை ஓட்டியவன்

சாம்பிராணிப் புகையும் கட்டிங் ஆயிலும் கலந்தால் ஒரு வாசனை வரும்... அரியமங்கலம் பக்கம் லேத் பட்டறையில் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆயுத பூஜை வந்தால் என் மூக்கு இன்னமும் அதைத்தான் தேடுகிறது.

டிகிரி முடித்த கையோடு அங்கே ஒரு பட்டறை ஆபீசில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பில் போடுவது, ஸ்டோர் சாவி, வருகிறவர்களுக்கு டீ சொல்வது எல்லாம் நான்தான். பெயர் மட்டும் மேனேஜரம்மா.

உள்ளே இரண்டு உலகம்.

ஒரு பக்கம் உள்ளூர் ஆட்கள். வீட்டுச் சாப்பாடு, பி.எஃப்., தீபாவளி போனஸ், சாயங்காலம் சைரன் அடித்தால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்னொரு பக்கம் ஜார்க்கண்டிலிருந்து கான்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கிய பசங்க. பட்டறைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். சமையல், தூக்கம், துணி காயப்போடுவது எல்லாம் அதற்குள்தான். அதே லேத், அதே வேலை... சம்பளம் மட்டும் குறைவு. ஷிப்டுக்கு முடிவே கிடையாது.

உள்ளூர் ஆட்களுக்குத் தலை மருதமுத்து அண்ணன். அந்தப் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் வயல் இருந்தது. "எங்க மண்ணுல நின்னுக்கிட்டு எங்களுக்கே கூலி ஏத்த மாட்டேங்கிறாங்க. கேட்டா, இந்திக்காரன் கம்மிக்கு வர்றான்னு சொல்றாங்க" என்று பொருமுவார். கோபம் முதலாளி மேல். விழுவதோ ஷெட் பசங்களில் ஒருத்தனான பிகாஷ் மேல். அண்ணனுடைய லேத்தை அடுத்த ஷிப்டில் ஓட்டுகிறவன் அவன். ஒரே மெஷினைத் தொடுகிற இரண்டு பேர், முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

அந்த வருஷமும் பூஜைக்கு வழக்கம்போல மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். மெயின் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் அண்ணன் இதில் விடமாட்டார். அதற்கு முந்தின வருஷம் அந்த லேத்தில்தான் அவருக்கு விரல் நுனி போனது.

மறுநாள் காலை எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். கற்பூரத் தட்டோடு லேத் பக்கம் போன அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

சந்தனம் கரைந்து வழிந்திருந்தது. கீழே புதுசாகக் கடைந்து விழுந்த இரும்புச் சுருள். மாலையை மட்டும் யாரோ பத்திரமாகக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

அண்ணன் மனைவி முகம் வெளுத்துவிட்டது. யாரோ போய் கேட்டைச் சாத்தினார்கள். ஷெட்டிலிருந்து பசங்க வெளியே வந்து ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் கையில் ஸ்பேனர்.

அந்த நேரம் பார்த்து ஸ்வீட் பாக்ஸோடு முதலாளி வந்தார். "யாரு ஓட்டினது?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. திருவெறும்பூர் பக்கத்துப் பெரிய கம்பெனிக்குப் போகவேண்டிய ஷாஃப்ட் பாக்கி நிற்கிறதே என்று முந்தின நாள் என்னிடம் புலம்பியவரும் அவர்தான்.

பிகாஷ் கையைத் தூக்கினான்.

முதலாளி அங்கேயே கான்ட்ராக்டருக்கு போன் போட்டார். இவனை எடுத்துக்கொண்டு வேறு ஆள் அனுப்பு என்றார். வேலை போனால் அவனுக்கு ஷெட்டும் போச்சு. ஊரில் பிறந்த குழந்தையை அவன் இன்னும் பார்த்தது கூட இல்லை.

அவன் முதலாளி பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணே, எங்க ஊர் பூஜை போன மாசம். விஸ்வகர்மா பூஜை. அன்னைக்கு மெஷின் தொடக்கூடாது. நானும் இதே லேத்துக்குப் பூ வெச்சேன். காலைல நீங்க வந்து பூவை எடுத்துக் கீழ போட்டு ஓட்டினீங்க. நான் சண்டை போடல."

"ஏன் சொல்லல?" என்றார் அண்ணன்.

"சொன்னா யாரு கேப்பாங்க அண்ணே?"

தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தேவிட்டது. அண்ணன் அந்த ஆணியில் தொங்கிய மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"அவன் இங்கயே இருக்கட்டும் சார். அவனா ஓட்டியிருக்க மாட்டான். ஓட்டச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

முதலாளி ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லைனில் இருந்த கான்ட்ராக்டரிடம் ஆள் வேண்டாம் என்று சொல்லி போனை கட் பண்ணிவிட்டு, நேரமாச்சு, பூஜையை ஆரம்பிங்க என்றார்.

பிகாஷ் தங்கிவிட்டான். அதற்காக இரண்டு பேரும் தோள்மேல் கைபோட்டுக்கொள்ளவில்லை. அடுத்த செப்டம்பரில், விஸ்வகர்மா பூஜைக்கு லேத் மேல் பூ இருந்த அன்று, அண்ணன் நாள் முழுக்க வேறு மேஜையில் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வாரம் காந்தி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்க வந்திருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டார். பட்டறையில் இப்போது இரண்டு பூஜைக்கான சாமிப் படமும் மாட்டியிருக்கிறார்களாம், இரண்டு நாளும் மெஷினுக்கு ஓய்வாம். தகர ஷெட் மட்டும் அப்படியே இருக்கிறதாம், சம்பளமும் அப்படியேதானாம். அவர் மகன் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் இருக்கிறான். ஒரே ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில்...

பூஜைக்குப் பையன் போன் பண்ணுவானா அண்ணே என்று கேட்டேன். அவர் பூசணிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் பண்ணான்மா. பின்னாடி மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. இன்னைக்குமாடான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு... கேக்கல."