அழகுபாண்டி போட்ட கையெழுத்து

அழகுபாண்டி அண்ணன் வீட்டை எங்கள் தெருவில் ‘சாமி இல்லாத வீடு’ என்பார்கள். சுத்தப் பொய். பக்கத்து வீட்டில் பதினேழு வருஷமாகக் குடியிருப்பவன் நான் சொல்கிறேன், அந்த வீட்டில் இருந்த அளவுக்கு நம்பிக்கை இந்த ஒத்தக்கடையில் எந்த வீட்டிலும் கிடையாது. மதம்தான் இல்லை.

என் பெயர் சிவபாண்டி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது தொழில். சாமி, ஆவி, மறுஜென்மம் எதுவும் எனக்கு ஆகாது. செத்தால் அத்தோடு முடிந்தது என்கிற கட்சி.

அண்ணன் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. சிம்மக்கல்லில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்த்தபோது, எதிர் மாடிக்கு டைப்ரைட்டிங் படிக்க வந்த ஐரினைப் பார்த்தார். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். முதலில் இரண்டு வீட்டாரும் முறுக்கிக்கொண்டார்கள். பேறுகாலம் என்றதும் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பிறந்தது ஆண் பிள்ளை. மூன்றே நாளில் போய்விட்டது.

பிள்ளை செத்த வீட்டில் அண்ணனின் அம்மா, “சிலுவை தொங்குற வீட்டுல எங்க குலசாமி எப்படி நிக்கும்?” என்றாராம். ஐரினின் அம்மா சும்மா இருப்பாரா? “திருநீறு பூசாம ஞானஸ்நானம் குடுத்திருந்தா ஆண்டவர் காப்பாத்தியிருப்பாரு” என்றாராம். அடப் பாவிகளா! பச்சை உடம்புக்காரி ஒருத்தி பாயில் கிடந்து துடிக்கிறாள், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது? ஐரின் மதினி எழுந்து, சிலுவையைக் கழற்றி ஓர் அம்மா கையிலும், திருநீற்றுப் பொட்டலத்தை இன்னோர் அம்மா கையிலும் வைத்து, “ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றிருக்கிறார். அதோடு சரி. அப்புறம் எந்தச் சாமியும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

பிள்ளையை அண்ணனே கொடிக்கால் ஓரத்தில் புதைத்தார். வேறு பிள்ளை பிறக்கவில்லை. வாராவாரம் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறிப் போய் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். வீட்டில் என்ன சமையல், பஸ்ஸில் எம்புட்டுக் கூட்டம், போன வாரம் ஏன் வர முடியவில்லை, எல்லாம் சொல்லுவார்கள். திரும்பும்போது “போயிட்டு வாரோம்யா” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“செத்தவங்களுக்குக் காது கேக்கும். கிட்டப் போயி உக்காந்து பேசணும், அம்புட்டுதான்” என்பார் மதினி. அவர்கள் வேதம், பூசை எல்லாம் அந்த ஒரு வரிதான்.

“கேக்கும்னு எப்படித் தெரியும் மதினி?” என்று வம்புக்கு இழுப்பேன்.

“நீங்க மனு எழுதுறீங்களே கொழுந்தனாரே, கலெக்டர் அதப் படிப்பாருன்னு எப்படித் தெரியும்?”

அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனின் தம்பி தங்கப்பாண்டி அந்தக் கொடிக்கால் நிலத்தை விற்றுவிட்டான். இப்போது அங்கே கல்யாண மண்டபம். மதினி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளை கிடந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தியிருந்தார்களாம். அன்று என் எதிரில்தான் அண்ணனிடம் வாக்கு வாங்கினார். “என்னய எரிச்சுப்புடாதீங்க. யாரும் தோண்டாத மண்ணாப் பாத்துப் போடுங்க. வாரம் ஒரு தடவ வந்து பேசுங்க. பேச்சு இல்லாம என்னால கெடக்க முடியாது.” அண்ணன் கையடித்துச் சத்தியம் செய்தார்.

போன பங்குனியில் மதினி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடந்தார். கண்ணும் திறக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. போய்விட்டார்.

காலையில் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முப்பது வருஷமாக எட்டிப் பார்க்காத சனமெல்லாம் வந்து நின்றது. உயிரோடு இருக்கும்போது யாருக்கும் வேண்டாதவள், செத்ததும் எல்லாருக்கும் சொந்தம்! தங்கப்பாண்டி திருநீற்றோடு வந்து, “நம்ம சுடுகாட்டுல வச்சு எரிச்சிருவோம்ணே. பொதைக்கிறதுக்கு ஊர் ஒத்துக்காது” என்றான். நான் வெளியே வந்து நாலைந்து இடத்துக்குப் போன் போட்டுப் புதைக்க இடம் கேட்டேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “என்ன ஆளுக?”

மதினியின் அண்ணன் ஆசீர்வாதம், ஓய்வு பெற்ற வாத்தியார், அப்போதுதான் பக்கத்தில் வந்தார். “எங்க குடும்பக் கல்லறை இருக்கு மாப்ள. அத யாரும் தோண்ட மாட்டாங்க. ஆனா கோயிலுக்கே வராத ஆளு இல்லையா, பங்குச் சாமியாருக்கு நீங்க ஒரு லெட்டர் குடுக்கணும்.”

“அங்க வந்து நான் பேசிக்கிட்டிருக்கலாம்ல மச்சான்?”

“தாராளமா வாங்க. யாரு தடுக்கப் போறா?”

கடிதத்தை நான்தான் எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன். ‘திருச்சபைக்குப் புறம்பாகத் தான் வாழ்ந்த மண வாழ்க்கைக்காக ஐரின் கடைசி நேரத்தில் மனம் வருந்தினார்’ என்று ஆசீர்வாதம் சொல்லச் சொல்ல எழுதி, நடுவீட்டில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

“அவ அப்படிச் சொல்லலியே தம்பி.”

“வெறும் காகிதம்ணே. செத்தவங்களுக்கு என்ன தெரியப் போகுது? வெயில் ஏறுது, போடுங்க.”

போட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் கூப்பிட்டார் என்று நானும் போனேன். கல்லறையில் புதுக் கல் வைத்திருந்தார்கள். ஐரின், சூசையின் மகள், ஆசீர்வாதத்தின் தங்கை. அவ்வளவுதான். அண்ணன் கல்லைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பார்த்தார்.

“எம் பேரு எங்க மச்சான்?”

“நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே மாப்ள, அந்த வாழ்க்கைக்கு வருந்துனான்னு. அதுக்கப்புறம் அந்தப் பேர எப்படிப் போடச் சொல்றது?”

மனிதர் கத்தவில்லை, நக்கல் செய்யவில்லை. நியாயம் பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையைப் பிடிக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கல்லறைக்குப் போகவில்லை. கல்லில் தன் பெயர் இல்லாத கோபம் என்று நினைத்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை, “வாங்கண்ணே, நானும் கூட வாரேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். தலைவலி, முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார். ஐந்தாவது வாரம் நான் எரிந்து விழுந்தேன். “மதினிக்குக் குடுத்த சத்தியம் என்னாச்சுண்ணே? பேச்சுக்குக் காத்துக் கெடப்பாங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகச் சொல்ற?” அவர் கத்தியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். “என்னோட வாழ்ந்ததுக்கு வருந்துனான்னு அவ பேருல எழுதிக் குடுத்தவன்டா நான். நீ சத்தம் போட்டுப் படிச்சப்ப அவ அங்கனதான கெடந்தா. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தா!”

அவர் வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“செத்தா ஒண்ணுமில்லன்னு சொல்லுவீல்ல? இப்பச் சொல்லு. அவளுக்குக் காது கேக்காதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புறேன் தம்பி, சத்தியமா நம்புறேன்.”

பதினேழு வருஷமாக வாய் ஓயாமல் சொன்ன வார்த்தை அது. அன்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “தெரியலண்ணே” என்றேன்.

அவர் சட்டையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.