வயிற்றை நம்பாத கண்டக்டர்

“எங்க, கையக் காட்டுங்க” என்று, வயிற்றால் போகிறது, பஸ்ஸை நிறுத்துங்கள் என்ற மீசைக்காரரின் முன்கையைத் தடவிப் பார்க்கிறார் சிங்காரவேலு. வேர்வை இல்லை. “வூட்டு வாசல் வந்தாத்தான் வயிறு கடமுடாங்குமோ?” மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். விசில் ஊதப்படவில்லை. பஸ் ஓடுகிறது.

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் சிங்காரவேலு கண்டக்டர். வழியில் முந்திரித் தோப்புக்குள் வீடு கட்டியவர்களுக்கெல்லாம் ஸ்டாப் இல்லாத இடத்தில்தான் வயிற்றால் போகும். தோப்புக்குள் ஓட வேண்டியவர்கள், இறங்கியதும் செல்போன் பேசிக்கொண்டு சாவகாசமாக நடப்பதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர், பரீட்சை வைக்கத் தொடங்கிவிட்டார். நிஜமாகவே முட்டுகிறவன் கம்பியை இரண்டு கையாலும் பிடிப்பான், மேலுதட்டில் வேர்க்கும், வாயே திறக்க மாட்டான். “பேசறவனுக்கு வயிறு நல்லாருக்கு” என்பது அவருடைய சட்டம். “நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்ணே” என்பார் டிரைவர் தர்மன். அது பாராட்டா கிண்டலா என்று அதையும் சந்தேகப்படுவார். தன் தண்ணீர் பாட்டிலை எவனாவது வாய் வைத்துவிடுவான் என்று துண்டில் சுற்றி ஒளித்து வைத்திருப்பார்.

அன்று வெற்றிச்செல்வி மடியில் மகள் பூவிழியைப் போட்டுக்கொண்டு வந்தாள். “அண்ணே, புள்ளைக்கு வயித்தால போவுது. தோப்புக்கிட்ட நிறுத்துங்க.”

சிங்காரவேலு குனிந்து முகர்ந்தார். வாடை இல்லை. பிள்ளை முனகவும் இல்லை. கண்ணை மூடித் துவண்டு கிடந்தது. நல்ல நடிப்பு என்று பட்டது அவருக்கு. “இதுக்கும் பழக்கி வுட்டுட்டியா?” என்றபடி, சிரிக்க வைக்க வயிற்றை லேசாகக் கிள்ளினார்.

கிள்ளிய தோல் எழும்பியபடியே நின்றது. மெதுவாகத்தான் படிந்தது.

அவர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் இப்படித்தான் கிள்ளிப் பார்த்தார். அன்று தோல் சட்டென்று படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றவில்லை, பயமில்லை என்றார் நர்ஸ். இப்போதுதான் பூவிழியின் குழி விழுந்த கண்ணும் காய்ந்து வெடித்த உதடும் அவர் கண்ணில் பட்டன.

“நெசத்தச் சொல்லு.”

“நேத்து பூரா தண்ணியாப் போச்சுண்ணே. காலையில நின்னுபோச்சு. தண்ணி குடுத்தா மறுபடி போவுமேன்னு ஒண்ணும் குடுக்கல. வூடு இங்கதான், அதான் பொய் சொன்னேன். நல்லாத்தான் தூங்குறா.”

“ஒண்ணுக்குப் போனாளா?”

“ராத்திரியிலேருந்து இல்லண்ணே.”

தோப்பு வந்தது. எழுந்தவளைக் குறுக்கே நின்று மறித்தார். “தர்மா, எங்கயும் நிறுத்தாத. நேரா ஆஸ்பத்திரி.” துண்டைப் பிரித்து பாட்டிலை எடுத்தார். பிள்ளையைத் தட்டி எழுப்பி, மூடியில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டார். பூவிழி விழுங்கினாள். அழுதாள். கண்ணில் நீர் வரவில்லை. அவருக்கு வந்தது, தூசி என்றார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிள்ளையைத் தேற்றினார்கள்.

அடுத்த வாரம் அதே பஸ். தோப்பு நெருங்கியதும் பூவிழியே தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மாமா, எனக்கு வயித்தால போவுது” என்றாள். வெற்றிச்செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிங்காரவேலு குனிந்து வயிற்றைக் கிள்ளினார். தோல் சட்டென்று படிந்தது. அவள் நெளிந்து சிரித்தாள்.

“சுத்தப் பொய்” என்று முறைத்துவிட்டு, பஸ்ஸை நிறுத்த ஒற்றை விசில் கொடுத்தார்.